உயிரின வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பு: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அனிமேஷன் படங்களுக்குக் கதாபாத்திரமும் விலங்கும் உருவாக்கும் வேலைக்குப் போக நினைக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே வைத்திருக்கிறோம். மேலே இருப்பவை புதிதாக வருபவர்களுக்கு. கீழே போகப்போக, விண்ணப்பிக்கத் தயாராகிறவர்களுக்கு. தேதியும் கட்டணமும் ஆண்டுதோறும் மாறுவதால் அவற்றை அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள்.

கேரக்டர் டிசைன், கிரீச்சர் டிசைன்னா என்னங்க? அனிமேஷன் படிக்கிறதும் இதுவும் ஒண்ணுதானே?

ஒன்றல்ல. அனிமேட்டர் உடலை அசைக்கிறார். வடிவமைப்பாளர் அந்த உடல் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார். கேரக்டர் என்றால் குணம், வயது, தொழில், உடை எல்லாம் பார்த்தவுடன் தெரியும்படி ஓர் ஆளை உருவாக்குவது. கிரீச்சர் என்றால் விலங்கு, பறவை, பூச்சி, அல்லது உலகத்தில் இல்லாத ஓர் உயிர். அது எதைத் தின்னும், எப்படி நடக்கும், எங்கே எடை தாங்கும் என்பதற்கெல்லாம் அதன் உடலே பதில் சொல்ல வேண்டும்.

கோயில் தூணில் இருக்கும் யாளியை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை. கல்லில் நிற்கும்வரை குறை தெரியாது. அதை நடக்கவிட்டால் முதல் சிக்கல் கழுத்தில் வரும். துதிக்கையின் பாரத்தைத் தாங்கத்தான் யானைக்குக் கழுத்து குட்டையாகவும் தலை பெரிதாகவும் இருக்கின்றன. சிங்கத்தின் நீண்ட கழுத்தில் அதே துதிக்கையைத் தொங்கவிட்டால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ ஒட்டவில்லை என்று படும். தோளைத் தடிக்க வைப்பதா, துதிக்கையைக் குறைப்பதா, முன்னங்காலை அகட்டி நிறுத்துவதா என்று எடுக்கும் முடிவுதான் கிரீச்சர் டிசைன்.

வேலை எந்த வரிசையில நடக்கும்? எல்லாத்தையும் ஒருத்தரே பண்ணணுமா?

முதலில் கட்டைவிரல் அளவுச் சிறு படங்கள், ஒரு உயிரினத்துக்கு 30 முதல் 50 வரை. அவற்றை முழுக்கக் கறுப்பாக நிரப்பி, நிழலுருவமாகவே அடையாளம் தெரிகிறதா என்று பார்த்து மூன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒன்று முடிவானதும் முன், பக்கவாட்டு, பின், முக்கால் கோணம் நான்கும் ஒரே உயரக் கோட்டில் வரும்படி மாடல் ஷீட். அதன்பின் கணினியில் சிற்பம், அதன்மேல் சீரான நாற்கர வலையாக ரீடோபாலஜி, தோலை விரித்து வைக்கும் யூவி, டெக்ஸ்சர், முடி அல்லது இறகு, எலும்பு மாட்டும் ரிக், கடைசியாக ஒளியில் வைத்துப் பார்க்கும் லுக் டெவ்.

பெரிய ஸ்டூடியோவில் ஒவ்வொன்றுக்கும் தனி ஆள். சின்ன ஸ்டூடியோவில் ஒருவரே மூன்று நான்கைப் பார்ப்பார். முதுநிலைப் படிப்பில் ஒரு முறையாவது முழு வரிசையையும் நீங்களே செய்து முடிப்பது நல்லது. அப்போதுதான் உங்கள் வரைபடம் பின்னால் யாருக்கு என்ன தொல்லை கொடுக்கிறது என்று தெரியும்.

எனக்கு அவ்வளவா வரைய வராது. சாஃப்ட்வேர் மட்டும் நல்லா கத்துக்கிட்டா போதாதா?

மாடலிங், ரிக்கிங், டெக்ஸ்சர் பக்கம் போனால் வரைதல் சுமாராக இருந்தும் சமாளிக்கலாம். வடிவமைப்பாளர் என்ற பெயரோடு போக வேண்டுமென்றால் முடியாது. ஆனால் இங்கே கேட்கப்படும் வரைதல், போட்டோ மாதிரி ஷேடிங் செய்வதல்ல. மனதில் இருக்கும் உருவத்தை எந்தக் கோணத்திலும் திருப்பிப் போடத் தெரிய வேண்டும். பெட்டி, உருளை, உருண்டை மூன்றையும் எல்லாக் கோணத்திலும் போடத் தெரிந்தவருக்கு மாட்டின் உடம்பு வசப்படும். தினம் ஒரு மணி நேரம், ஆறு மாதம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும்.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். இதுக்கு விஸ்காம் முடிச்சிருக்கணுமா?

வேண்டியதில்லை. எம்.டெஸ். (வடிவமைப்பில் முதுநிலைப் பட்டம்) படிப்புகள் பலவற்றுக்கான சீட் (CEED) நுழைவுத்தேர்வை எழுத, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் குறைந்தது மூன்றாண்டுப் பட்டம் போதும். எந்தத் துறையாகவும் இருக்கலாம், கடைசி ஆண்டில் இருப்பவர்களும் எழுதலாம். ரிக்கிங்கில் பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு உண்டு. கால்நடை மருத்துவம், விலங்கியல் படித்தவர்களுக்கு உடற்கூறு ஏற்கனவே கையில் இருக்கிறது.

இந்தியாவுல இதுக்கு எங்க படிக்கிறது?

மும்பை ஐ.ஐ.டி.யின் ஐ.டி.சி. வடிவமைப்புப் பள்ளியில் அனிமேஷன் எம்.டெஸ். உண்டு. அகமதாபாத்தில் இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அனிமேஷன் ஃபிலிம் டிசைன் எம்.டெஸ். கொல்கத்தா சத்யஜித் ரே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் அனிமேஷன் சினிமா மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு. இந்த மூன்றிலும் படிப்பின் பெயரில் 'கிரீச்சர்' என்ற சொல் இருக்காது. நீங்கள் எடுக்கும் புராஜெக்டும் கடைசி ஆண்டுப் படமும்தான் உங்களை அந்தப் பக்கம் கொண்டுபோகும்.

ஓசூர்ப் பிள்ளைகளுக்குப் பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். அங்கே உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் எம்.டெஸ். இருக்கிறது. கேமுக்கான உயிரினம் பிடிக்கும் என்றால் அதையும் பட்டியலில் சேருங்கள்.

சீட் தேர்வு எப்படி இருக்கும்?

மும்பை ஐ.ஐ.டி. நடத்துவது, வழக்கமாக ஜனவரியில். மொத்தம் மூன்று மணி நேரம். ஏ பகுதி கணினியில் ஒரு மணி நேரம், 150 மதிப்பெண். பி பகுதி கையால் வரைந்தும் எழுதியும் கொடுப்பது, இரண்டு மணி நேரம், 100 மதிப்பெண். ஏ பகுதியில் வடிகட்டியபிறகே பி பகுதியைத் திருத்துவார்கள். இறுதி மதிப்பெண்ணில் ஏ பகுதிக்கு 25 சதவீதமும் பி பகுதிக்கு 75 சதவீதமும் எடை. மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். இதோடு இடம் கிடைத்துவிடாது. அந்தந்த நிறுவனத்துக்குத் தனியாக விண்ணப்பித்து அடுத்தகட்டத் தேர்வுக்குப் போக வேண்டும்.

நம் பிள்ளைகள் தடுக்கிவிழுவது பெரும்பாலும் நேரத்தில்தான். ஒரே படத்தில் முக்கால் மணி நேரம் ஷேடிங் செய்துவிட்டு மற்ற கேள்விகளை வெறுமையாக விடுகிறார்கள். வீட்டில் கடிகாரம் வைத்து, 20 நிமிடத்துக்கு ஒரு முழுக் காட்சி என்று பழகுங்கள்.

வீட்ல மாடு இருக்கு. அதைப் பார்த்து வரைஞ்சா போர்ட்ஃபோலியோவுக்கு ஆகுமா?

நன்றாகவே ஆகும். போர்ட்ஃபோலியோ என்பது விண்ணப்பத்தோடு காட்டும் உங்கள் வேலைகளின் தொகுப்பு. நம் பக்கத்து ஆலம்பாடி மாடும் போச்சம்பள்ளிச் சந்தையும் பெருநகரத்து மாணவருக்குக் கிடைக்காத வகுப்பறை. ஆனால் தோலைப் பார்த்து வரைந்தால் பாதிப் பயன்தான். எலும்பைத் தேட வேண்டும். மாட்டின் பின்னங்காலில் பின்பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும் மூட்டை முழங்கால் என்று நினைத்துப் பலர் வரைகிறார்கள். அது குதிகால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றுச் சரிவுக்குப் பக்கத்தில், தோலுக்குள் பாதி மறைந்திருக்கிறது. நமக்கு மடங்குவதுபோலவே மடங்கும். முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்வது மணிக்கட்டு. அதற்குக் கீழே இருக்கும் ஒற்றை நீள எலும்பு, நம் உள்ளங்கையின் மூன்றாவது, நான்காவது எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்தது. பிளவுக் குளம்பு அந்த இரண்டு விரல்களின் நகம். பின்னால் சின்னதாகத் தொங்கும் இரண்டு குளம்புகள் மிச்ச விரல்கள். மாடு நக நுனியில் நடக்கிறது, நாய் விரலில் நடக்கிறது, கரடியும் நாமும் உள்ளங்காலை ஊன்றி நடக்கிறோம். கற்பனை உயிருக்குக் கால் போடுமுன் இந்த மூன்றில் எது என்று முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது தோள். மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னுடம்பு இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே தசையில் தொட்டில்போலத் தொங்குகிறது. அதனால் நடக்கும்போது தோள்பட்டை எலும்பின் மேல் நுனி முதுகோரம் ஏறி இறங்கும். மாடு பத்து எட்டு எடுத்து வைப்பதைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், தெரியும். படுத்த மாடு எழும்போது முதலில் பின்பக்கத்தைத் தூக்கும். குதிரை முன்பக்கத்தைத் தூக்கும். இப்படி ஒன்றை உங்கள் உயிரினத்தில் சரியாக வைத்திருந்தால், விண்ணப்பத்தைப் பார்க்கும் ஆசிரியருக்கு இந்தப் பிள்ளை நேரில் நின்று பார்த்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு காலையில் இரண்டு நிமிடப் படம் 20, பத்து நிமிடப் படம் 5, ஒரு மணி நேரப் படம் 1. கடைசிப் படத்தின்மேல் டிரேசிங் தாள் வைத்து எலும்பை வேறு நிறத்தில் போடுங்கள். போனில் வீடியோ எடுப்பதானால் ஐந்தாறு மீட்டர் தள்ளி, மாட்டின் வயிற்று உயரத்தில் போனைப் பிடித்து, ஸ்லோ மோஷனில் எடுங்கள். பக்கத்தில் போய் எடுத்தால் தலை பெருத்து உடம்பு சுருங்கித் தெரியும். அதைப் பார்த்து வரைந்த அளவெல்லாம் தப்பாகும். மாட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். யானைக்காக அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரம் போய் நிற்க வேண்டாம், உயிருக்கு ஆபத்து. பன்னேர்கட்டாவோ வண்டலூரோ போங்கள். முதலைக்கு ஒகேனக்கல் முதலைப் பண்ணை இருக்கிறது.

என் மாடல் நின்னா சூப்பரா இருக்கு. ரிக் போட்டு நடக்க வெச்சா தோள்பட்டை நசுங்கிப் போகுது. ஏன்?

நான்கு காரணங்களை வரிசையாகப் பாருங்கள். மூட்டைச் சுற்றி வலைக் கோடு போதவில்லை. மடங்கும் இடத்தில் குறைந்தது மூன்று சுற்றுகள் வேண்டும். எலும்பின் சுழல்மையம் தோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உண்மை எலும்பு இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். தோளை உடம்போடு நிலையாகக் கட்டிவிட்டீர்கள். மாட்டுக் கேள்வியில் சொன்னபடி தோள்பட்டை எலும்பு வழுக்க வேண்டும், அதற்குத் தனி ஜாயிண்ட் கொடுங்கள். ரிக் போடுமுன் மாடலின் அளவு மாற்றங்களை ஃப்ரீஸ் செய்யவில்லை, அதாவது மாற்றிய அளவையே அடிப்படை அளவாக நிலைப்படுத்தவில்லை. அப்படியே விட்டால் பின்னால் எல்லாமே கோணும்.

கை திரும்பும்போது மிட்டாய்க் காகிதம்போல முறுக்கிக்கொண்டால் அது வேறு நோய். முன்கையில் இரண்டு மூன்று ட்விஸ்ட் ஜாயிண்ட் வைத்துத் திருப்பத்தைப் பகிர்ந்து கொடுங்கள். அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும் நசுங்கலுக்குக் கரெக்டிவ் ஷேப், அதாவது அந்த அசைவில் மட்டும் வந்து சேரும்படி கையால் திருத்தி வைக்கும் வடிவம். முதலிலேயே கரெக்டிவ் ஷேப்பில் கைவைத்தால் அடிப்படைத் தப்பு மூடிக்கிடந்து அடுத்த அசைவில் வெளியே வரும்.

என் விலங்கு தமிழ் பேசணும். வாய் அசைவுக்கு என்ன பண்றது?

வடிவம் முடிவாகும் முன்னாலேயே சோதித்துவிடுங்கள். ப, ம சொல்ல உதடு மூட வேண்டும்; உ, ஓ சொல்ல உதடு குவிய வேண்டும். அலகு இருந்தால் குவியாது, துதிக்கை இருந்தால் வாயே மறையும். அப்போது கண், புருவம், காது, தொண்டை அசைவுக்குப் பேச்சை மாற்றிக்கொடுக்க வேண்டியிருக்கும். முகத்தசைகளைப் பிரித்து எண்ணிடும் முறையை 1978-ல் உளவியலாளர்கள் எக்மனும் ஃப்ரீசனும் வெளியிட்டார்கள். எஃப்.ஏ.சி.எஸ். எனப்படும் அந்த முறைதான் இன்றைய முக ரிக் பலவற்றுக்கும் அடி.

கம்ப்யூட்டர் எப்படி வாங்கணும்?

ராம் 32 ஜி.பி., கிராபிக்ஸ் கார்டில் 8 முதல் 12 ஜி.பி. நினைவகம், எஸ்.எஸ்.டி. 1 டி.பி. படிக்கப் போகுமுன் இது போதும். கணினியில் சிற்பம் செய்யும் மென்பொருளான இசட்பிரஷ் கிராபிக்ஸ் கார்டை நம்பி ஓடுவதல்ல. பிராசஸரும் ராமும்தான் அதற்கு முக்கியம். ரெண்டருக்கு, அதாவது காட்சியைக் கணினி இறுதிப் படமாக்கும் வேலைக்குத்தான் கார்டு. திரையோடு வரும் டேப்லெட் தேவையில்லை, நடுத்தர அளவுப் பேனா டேப்லெட் போதும். கரண்ட் போய்வரும் ஊரில் யு.பி.எஸ். கட்டாயம். ஒரே ஃபைலில் மேல்மேல் சேமிக்காமல் எண் மாற்றிச் சேமியுங்கள்.

பிளெண்டர்ல பண்ணின வேலையை ஏத்துப்பாங்களா?

ஏற்பார்கள். சேர்க்கையில் பார்ப்பது உருவத்தை, கருவியை அல்ல. முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரும் வரைவதற்கான கிரிட்டாவும் முழு இலவசம். ஹூடினி என்ற முப்பரிமாண மென்பொருளின் அப்ரெண்டிஸ் பதிப்பு இலவசம், ரெண்டரில் வாட்டர்மார்க் வரும். மாயா என்ற அதே வகை மென்பொருளுக்கு மாணவர் உரிமம் கிடைக்கிறது, ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். கிராக் செய்த பதிப்பு வேண்டாம். அதோடு வரும் வைரஸில் ஒரு வருட வேலை போய்விடக்கூடும்.

போர்ட்ஃபோலியோவுல எத்தனை வேலை இருக்கணும்?

நிறுவனம் எண்ணிக்கை சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. சொல்லாவிட்டால் 12 முதல் 15 பக்கம். அதில் முடித்த உயிரினம் இரண்டு, கேரக்டர் ஒன்று, நேரில் பார்த்து வரைந்தவை நான்கைந்து பக்கம், மிச்சம் யோசித்த விதம் தெரியும் சிறு படங்கள். நிராகரித்த வடிவங்களையும் வைத்து ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். உங்கள் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் வீடியோவான ரீல் ஒரு நிமிடத்துக்குள், நல்லது முதலில். மாடலைச் சுழற்றிக் காட்டும் டர்ன்டேபிளுக்கு, நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில், 120 ஃபிரேம் போதும். அதே சுற்றில் வலையையும் காட்டுங்கள்.

அடிபடுவது எதனால் தெரியுமா? யூடியூப் பாடத்தைப் பார்த்துச் செய்த அதே டிராகன். அதே பாடத்தை நூறு பேர் செய்து அனுப்பியிருப்பார்கள். ஒரு சுமாரான படம் உள்ளே இருந்தாலும் நல்ல படங்களின் மதிப்பு இறங்கும், எடுத்துவிடுங்கள்.

நம்ம ஊர் கூத்து வேஷம், நடுகல் இதெல்லாம் வெச்சா வெளியாளுக்குப் புரியுமா?

புரிய வைப்பது உங்கள் வேலை, ஆனால் சரக்கு அபாரமானது. தெருக்கூத்து வேடத்தில் கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் ஆளை இரண்டு மடங்கு அகலமாக்குகின்றன. இரவில், விளக்கு வெளிச்சத்தில், தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் யார் வந்து நிற்கிறார் என்று தெரிய வேண்டுமல்லவா? மேலே சொன்ன நிழலுருவச் சோதனையை நம் கூத்தர்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள். ஆகவே கிரீடத்தை அப்படியே காப்பியடிக்காமல், அந்த அகலம் எதற்கு என்பதை எடுத்து உங்கள் கேரக்டரில் பயன்படுத்துங்கள்.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை நேரில் பார்க்கலாம். ஒரு பலகைக் கல்லில், ஆழமில்லாத செதுக்கலில், வீரன் எந்தப் பக்கம் பாய்கிறான், கையில் என்ன ஆயுதம் என்பதெல்லாம் தெரிகிறது. எதை விட்டு எதை வைத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வரையுங்கள். கூத்துக் கலைஞரின் வேடத்தை வைத்துச் செய்தால் அவரிடம் கேட்டு, பக்கத்தில் அவர் பெயரையும் போடுங்கள்.

வெளிநாட்டுல படிச்சா நல்லதுங்களா?

பிரிட்டனில் போர்ன்மவுத் பல்கலைக்கழகத்தின் தேசியக் கணினி அனிமேஷன் மையம், பாரிஸில் கோபலின்ஸ் பள்ளி இரண்டும் இத்துறையில் பெயர் பெற்றவை. பிரிட்டனில் முதுநிலை பெரும்பாலும் ஓராண்டு. ஏற்கனவே கை தேறியவருக்கு அது சரி. அடிப்படையே கற்க வேண்டியவருக்கு ஓராண்டு கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும், அவர்களுக்கு இங்கே இருக்கும் இரண்டு மூன்றாண்டுப் படிப்பே மேல். ஓராண்டுப் பட்டம் இங்கே செல்லுமா என்ற கவலை பலருக்கு உண்டு. 2022-ல் இந்தியாவும் பிரிட்டனும் கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்கும் உடன்பாடு செய்திருக்கின்றன.

"பி.ஜி. டிப்ளமோ"ன்னு ஒரு சென்டர்ல சொல்றாங்க. அதுவும் முதுநிலைதானே?

பட்டம் வழங்கும் உரிமை சட்டப்படி நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்களுக்கும் அதற்கு இணையான நிறுவனங்களுக்கும்தான். தனியார் பயிற்சி மையம் தருவது சான்றிதழ். ஸ்டூடியோ வேலைக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை. கல்லூரியில் ஆசிரியராகவோ ஆராய்ச்சிப் படிப்புக்கோ போக நினைத்தால் அது உதவாது. பணம் கட்டுமுன் மூன்று கேளுங்கள்: பட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும், சென்ற ஆண்டு மாணவர் செய்த வேலையைக் காட்டுவீர்களா, பாடம் எடுப்பவர் எந்தப் படத்தில் வேலை செய்தவர்.

பையனுக்கு லோன் போட்டுப் படிக்க வெக்கலாமா? வேலை கிடைக்குமா?

வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை உங்கள் பங்குப் பணம் தேவையில்லை. அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம், வெளிநாட்டுக்கு 15 சதவீதம் நீங்கள் போட வேண்டும். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

வேலைபற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இது ஏற்ற இறக்கம் உள்ள தொழில். 2025 பிப்ரவரியில் திரைப்பட கிராபிக்ஸ் வேலை செய்துவந்த டெக்னிகலர் குழுமம் நொடித்தபோது அதன் பெங்களூரு அலுவலகத்திலும் ஏராளமானோர் வேலை இழந்தார்கள். உயிரின வடிவமைப்பாளர் இடங்கள் குறைவு. மாடலிங், ரிக்கிங், டெக்ஸ்சர் இடங்கள் அதிகம். அதனால் வடிவமைப்போடு இந்த மூன்றில் ஒன்றையாவது சம்பளத்துக்கு உதவும் அளவுக்குக் கற்றிருக்க வேண்டும். வீட்டு நிலத்தை அடமானம் வைத்துத்தான் அனுப்ப வேண்டுமென்றால், முதலில் ஓரிரு வருடம் வேலைக்குப் போகட்டும். சீட் தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது. தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு உண்டு, அதைமட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏ.ஐ. ஒரு நிமிஷத்துல படம் போட்டுத் தருதே, இனி இதைப் படிச்சு என்ன பண்றது?

படம் தருகிறது, உண்மை. அந்தப் படத்தின் பின்பக்கத்தைக் கேளுங்கள். முன்பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். காலில் மூட்டுகளை எண்ணுங்கள். நடக்கவைக்கும்போது எந்தத் தசை இழுக்கும் என்று ரிக் போடுபவர் கேட்டால், அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். யாளியின் கழுத்தைப் பற்றி முதல் கேள்வியில் பேசியது இதுதான். மேலோட்டமான கான்செப்ட் படம் மட்டும் போடுபவருக்கு வேலை சுருங்கும் என்பதையும் மறைக்க முடியாது.

விண்ணப்பத்தில் ஏ.ஐ. எங்காவது பயன்படுத்தியிருந்தால் எங்கே என்று எழுதிவிடுங்கள். நேர்முகத்தில் காகிதத்தைக் கொடுத்து, அதே உயிரை வேறு கோணத்தில் போடு என்றால் கை காட்டிக்கொடுத்துவிடும்.

விண்ணப்பிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கு. எங்கருந்து ஆரம்பிக்கிறது?

முதல் மூன்று மாதம் பேப்பர், பென்சில், மாடு, நாய், ஆடு, கோழி. கணினியைத் தொட வேண்டாம். அடுத்த மூன்று மாதம் பிளெண்டரில் மாட்டு மண்டையோடு, ஒரு கால், ஒரு முழு உடம்பு என்ற வரிசையில் சிற்பம். ஏழாம் மாதம் சொந்த உயிரினம் ஒன்றைத் தொடங்கி ஒன்பதாம் மாதத்துக்குள் முடியுங்கள், நடக்கவும் வையுங்கள். சீட் விண்ணப்பம் வழக்கமாக அக்டோபர் வாக்கில் திறக்கும். அதற்குள் பட்டச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். சாதிச் சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் கேட்பார்கள், தாசில்தார் அலுவலகத்தில் அதை வாங்க நாள் பிடிக்கும்.